கிட்டாரில் அதே இடத்தில் நிற்கிறீர்களா? ஆசிரியரிடம் போவதற்கு முன்னும் பின்னும்

கிட்டார் கற்க என்னிடம் வருபவர்களில் பாதிப் பேர் புதிதாகக் கற்பவர்கள் இல்லை. இரண்டு மூன்று வருடம் வாசித்தவர்கள். ஓப்பன் கார்டுகள் (அழுத்தாத தந்திகளும் சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டுகள்) எல்லாம் கைவசம். பென்டாடானிக் எனும் ஐந்து ஸ்வர ஸ்கேலின் 5 வடிவங்களில் குறைந்தது இரண்டு தெரியும். போனில் சேமித்துவைத்த பாட வீடியோக்களைப் பார்த்து முடிக்கவே இன்னொரு வருடம் வேண்டும். கிட்டாரை உறையிலிருந்து எடுக்கும்போதே சொல்லிவிடுவார்கள்: "எல்லாம் தெரியுது மேடம், ஆனா இதுக்கு மேல போகமாட்டேங்குது."

இவர்களுக்கு நான் புதுப் பாடம் எதுவும் எடுப்பதில்லை. பாடம் ஏற்கெனவே அளவுக்கு மேல் இருக்கிறது. இல்லாதது, எதிரே உட்கார்ந்து அவர்கள் கை என்ன செய்கிறது என்று பார்க்கிற ஒரு ஆள். தேங்கி நிற்பவருக்கு ஆசிரியர் தேவைப்படுவது முக்கியமாக இந்தப் பார்வைக்காகத்தான். அந்த ஆளை எப்படித் தேடுவது, கிடைத்தால் அவரிடம் எப்படி வேலை வாங்குவது என்று என் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

முதலில், உண்மையிலேயே நின்றுவிட்டீர்களா?

1897-இல் பிரையன், ஹார்ட்டர் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் மோர்ஸ் தந்தி ஊழியர்களைக் கவனித்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒலியைக் கேட்டு செய்தியை எழுதும் வேகம் கொஞ்ச காலம் ஏறுகிறது, பிறகு வாரக்கணக்கில் அசையாமல் நிற்கிறது, அப்புறம் மறுபடி ஏறுகிறது என்று கண்டார்கள். அவர்கள் தந்த விளக்கம் இது: முதலில் ஊழியர் எழுத்து எழுத்தாகக் கேட்கிறார், பிறகு சொல்லாக, அதன் பிறகு தொடராக. வேகம் அசையாத நாட்களில் உள்ளே இந்த மாற்றம் நடந்துகொண்டிருக்கிறது. எல்லோருக்கும் இப்படி நடப்பதில்லை என்று பின்னால் மறுத்தவர்களும் உண்டு. ஆனாலும் கிட்டாரில் இதைப் போன்ற ஒன்றை நான் அடிக்கடி பார்க்கிறேன். ஆரம்பத்தில் சி கார்டு என்பது மூன்று விரல்களுக்கு மூன்று தனி வேலை. பிறகு மூன்றும் ஒரே வடிவமாக வந்து விழும். அப்புறம் சி-யிலிருந்து ஏ மைனருக்குப் போவதே ஒற்றை அசைவாகிவிடும். ஒரு கட்டத்திலிருந்து அடுத்ததற்குப் போகிற நேரத்தில் வெளியே எதுவும் மாறாத மாதிரிதான் தெரியும்.

ஆகவே ஆசிரியரைத் தேடும் முன் ஒரு சோதனை. ஒரு மாதத்துக்கு முன் பதிவுசெய்த ஒரு வாசிப்பையும் இன்றைய வாசிப்பையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். வேகம் அதேதான், ஆனால் இன்று தோள் தளர்ந்திருக்கிறது, வாசித்துக்கொண்டே பேச முடிகிறது என்றால் நீங்கள் நகர்ந்துகொண்டுதான் இருக்கிறீர்கள். விட்டுவிடுங்கள், அதுவாக வரும். இரண்டு பதிவிலும் ஒரே இடத்தில், ஒரே தந்தியில், ஒரே விதமாக உடைகிறது என்றால் அது வேறு விஷயம். அங்கே கூடுதல் மணிநேரம் உதவாது.

வெறும் அலுப்பும் ஒன்று இருக்கிறது. அதற்கு ஆசிரியர் வேண்டாம், புதுப் பாட்டு போதும்.

தனியாகக் கண்டுபிடிப்பது ஏன் கஷ்டம்

சித்திரமும் கைப்பழக்கம் என்று ஔவையார் பெயரில் ஒரு பாட்டே இருக்கிறது. கை பழகிக்கொள்ளும் என்பது சரி. ஆனால் நல்லது எது, கெட்டது எது என்று பிரித்துப் பார்த்துப் பழக அதற்குத் தெரியாது. ஆயிரம் தடவை செய்ததை எல்லாம் அது ஒரே மாதிரி இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். 1967-இல் ஃபிட்ஸ், போஸ்னர் என்ற உளவியலாளர்கள் கைத்திறன் எதையும் கற்பதை மூன்று கட்டங்களாகப் பிரித்தார்கள். யோசித்துச் செய்வது, சேர்த்துச் செய்வது, தானாக நடப்பது. மூன்றாவது கட்டத்துக்குப் போய்விட்ட அசைவை நாம் கவனிப்பதே இல்லை. கவனிக்காமல் நடப்பதுதான் அதன் பலம். தவறான அசைவு அந்தக் கட்டத்துக்குப் போய்விட்டால் அதுவே பிரச்சினை.

பதிவுசெய்து கேட்டால் போதாதா என்று கேட்பார்கள். பதிவு அவசியம், அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். ஆனால் என்ன தப்பு என்று பதிவு சொல்லும், ஏன் என்று சொல்லாது. ஜி-யிலிருந்து சி-க்கு மாறும்போது ஒரு சின்ன இடைவெளி விழுகிறது என்று வையுங்கள். கேட்பவர் எல்லோரும் இடது கை மெதுவாக இருக்கிறது என்றுதான் நினைப்பார்கள். உடனே கார்டு மாற்றும் பயிற்சியைத் தொடங்குவார்கள், மாதக்கணக்கில். நான் எதிரே உட்கார்ந்து பார்த்தால், பலரிடம் நிற்பது வலது கை. இடது கைக்காகக் காத்திருந்து, அது வந்து சேர்ந்த பிறகுதான் ஸ்ட்ரம் செய்கிறது. இடது கைக்கு அவசரமே இல்லை, அதற்காக ஒருவர் காத்திருக்கிறாரே! வலது கை எதற்கும் நிற்காமல் மேலும் கீழும் போய்க்கொண்டே இருக்க வேண்டும், இடது கை வந்தாலும் வராவிட்டாலும். முதல் சில நாட்கள் மாற்றும் இடத்தில் ஓப்பன் தந்திகள் அசிங்கமாக ஒலிக்கும். ஒலிக்கட்டும். அப்புறம் இடது கை தானாகவே நேரத்துக்கு வர ஆரம்பிக்கும்.

வாசிப்பவருக்கு இது ஏன் தெரியவில்லை? அவர் கண் இடது கையில் இருந்தது.

10,000 மணி நேரம் என்ற எண்ணை எல்லோரும் சொல்கிறார்கள். அதன் வேர் ஆண்டர்ஸ் எரிக்சனும் உடன் ஆய்வு செய்தவர்களும் பெர்லினில் வயலின் மாணவர்களைப் பற்றி ஆராய்ந்து 1993-இல் வெளியிட்ட கட்டுரை. அங்கே பேசப்பட்டது வெறும் மணிக்கணக்கு இல்லை. குறை எது என்று பார்த்து அதற்கென்றே அமைத்த பயிற்சி, அதை அமைத்துக் கொடுத்து மேற்பார்வையிடும் ஆசிரியர், இவையும் சேர்ந்ததுதான். எண் மட்டும் ஊரெல்லாம் பரவிவிட்டது, ஆசிரியரை வழியில் தொலைத்துவிட்டார்கள்.

ஒரே மாதிரி புகார், வேறு வேறு காரணம்

வேகம் வரவில்லை என்று ஒரு இளைஞர் வந்தார். மெட்ரோனோமில், அதாவது தாளத் தட்டு கொடுக்கும் கருவியில், நிமிடத்துக்கு 110 தட்டு வரை, ஒரு தட்டுக்கு நான்கு ஸ்வரம் வைத்து, சுத்தமாக வாசிப்பார். அதற்கு மேல் சிதறும். அவர் செய்துகொண்டிருந்தது எல்லோரும் செய்வதுதான்: தினமும் இரண்டு மூன்று கூட்டிப் பார்ப்பது, சிதறியதும் இறங்குவது, மறுநாள் மறுபடி ஏறுவது.

முதலில் ஒரே தந்தியில் அதே வேகத்தைக் கேட்டேன். 130-இலும் பிக் (தந்தியை மீட்டும் சிறு தகடு) தடையில்லாமல் ஓடியது. சரி, வலது கைக்கு வேகம் இருக்கிறது. பிறகு பிக் இல்லாமல் இடது கை மட்டும், விரலைத் தட்டியே ஸ்கேலை வாசிக்கச் சொன்னேன். அதுவும் ஓடியது. இரண்டு கைக்கும் வேகம் இருக்கிறது, சேர்ந்தால் மட்டும் இல்லை. அப்படியென்றால் தந்தி மாறும் இடத்தில்தான் ஏதோ இருக்கிறது. தந்திக்கு மூன்று ஸ்வரம் வைத்து மேலே போகச் சொல்லிப் பக்கத்திலிருந்து பார்த்தேன். எல்லா மாற்றத்திலும் தடுமாறவில்லை, ஒன்று விட்டு ஒன்றில்தான் தடுமாறினார்.

காரணம் பிக்கின் சாய்வு. அவர் பிக்கைப் பிடித்த விதத்தில் அப் ஸ்ட்ரோக் (மேல்நோக்கிய வீச்சு) முடியும்போது பிக் தந்திகளைவிட்டு வெளியே வந்துவிடும். டவுன் ஸ்ட்ரோக் (கீழ்நோக்கிய வீச்சு) முடியும்போது இரண்டு தந்திகளுக்கு நடுவில் போய் மாட்டிக்கொள்ளும். மூன்று ஸ்வரத்தை டவுன், அப், டவுன் என்று வாசித்தால் மாற்றம் டவுனுக்குப் பிறகு வருகிறது, பிக் அடுத்த தந்தியைத் தாண்டிக் குதிக்க வேண்டியிருக்கிறது. அடுத்த தந்தி அப், டவுன், அப் என்று போவதால் அங்கே சிக்கலில்லை. மெதுவாக வாசிக்கும்போது குதிக்க நேரம் இருக்கிறது. 110-க்கு மேல் இல்லை.

இதற்கு வழிகள் உண்டு. டவுனில் முடியும் தந்திகளில் மூன்றாவது ஸ்வரத்தைப் பிக் செய்யாமல் ஹேமர் ஆன் செய்தால் (இடது கை விரலைத் தட்டியே ஒலிக்கவைத்தால்), பிக் வேலை இரண்டே வீச்சில், அப்பில் முடிந்துவிடும். அல்லது ஸ்வரங்களைத் தந்திக்கு இரண்டு, நான்கு என்று மாற்றி அடுக்கலாம். அல்லது அந்த ஒரு மாற்றத்தின்போது மட்டும் மணிக்கட்டைக் கொஞ்சம் திருப்பி, பிக்கை எதிர்ப்பக்கம் சாய்க்கப் பழகலாம். இது நாள் பிடிக்கும், ஆனால் எல்லா இடத்துக்கும் உதவும். அவர் ஹேமர் ஆனில் ஆரம்பித்தார். மெட்ரோனோம் எண்ணை நாங்கள் தொடவே இல்லை.

இதே "வேகம் வரவில்லை" என்ற புகாரோடு வந்த இன்னொருவருக்குக் காரணம் சுண்டு விரல். அழுத்தி முடித்ததும் அது ஃப்ரெட்போர்டைவிட்டு ஒரு அங்குலத்துக்கு மேல் எகிறி நிற்கும். திரும்பி வர நேரம் ஆகும். மூன்றாமவருக்குத் தாடை. கஷ்டமான இடம் நெருங்கும்போது பல்லைக் கடிப்பார், அதோடு தோளும் முன்கையும் இறுகிவிடும். இந்த மூன்று பேருக்கும் ஒரே வீடியோவைக் காட்டியிருந்தால் ஒருவருக்குக்கூடப் பொருந்தியிருக்காது.

எஃப் கார்டு தனி ரகம், ஆள்காட்டி விரலாலேயே எல்லாத் தந்திகளையும் அழுத்தும் பார் கார்டு அது. "என் கை சின்னது, அதான் பார் கார்டு வரலை" என்று சொல்லும் பலரின் கை என் கையைவிடப் பெரிது. அதை நீட்டிக் காட்டிவிட்டு அவர்கள் கிட்டாரை வாங்கி நானே எஃப் பிடித்துப் பார்ப்பேன். சில சமயம் எனக்கும் வராது! தலைப்பக்கம் தந்திகள் உட்காரும் கட்டையில், நட் என்பார்களே, அதில் வெட்டு போதுமான ஆழம் இல்லாவிட்டால் முதல் ஃப்ரெட்டில் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) தந்தி மிக உயரத்தில் நிற்கும். இதை நீங்களே பார்க்கலாம். ஒரு தந்தியை 3-ஆம் ஃப்ரெட்டில் அழுத்திக்கொண்டு, 1-ஆம் ஃப்ரெட்டுக்கு மேல் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். தட்டினால் மட்டுமே அசைவு தெரிகிற மெல்லிய இடைவெளி இருந்தால் நல்லது. தெளிவாகக் கண்ணில் படும் அளவு இருந்தால் நட் உயரம். கேப்போ (தந்திகளை மொத்தமாக அழுத்திப் பிடிக்கும் கவ்வி) இருந்தால் 1-ஆம் ஃப்ரெட்டில் மாட்டிவிட்டு அதே பார் வடிவத்தை அடுத்த ஃப்ரெட்டில் பிடித்துப் பாருங்கள். திடீரென்று சுலபமானால் குற்றம் உங்கள் விரலில் இல்லை, கிட்டார் பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோங்கள். கிட்டார் சரியாக இருந்தும் வரவில்லை என்றால் கட்டைவிரலால் நசுக்குவதை நிறுத்துங்கள். ஆள்காட்டி விரலைக் கொஞ்சம் பக்கவாட்டில் உருட்டி, ஃப்ரெட்டுக்கு ஒட்டி வைத்து, முழங்கையை உடலோடு சேர்த்து, கையின் எடையைப் பின்னுக்கு இழுங்கள். கட்டைவிரலை முழுதாக எடுத்துவிட்டும் கார்டு ஒலிக்க வேண்டும். ஒலிக்கிறதா என்று யாராவது பக்கத்தில் இருந்து திருத்தினால் இது சீக்கிரம் பிடிபடும்.

அடுத்து, சோலோ எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது என்பவர்கள். இது கை விஷயமே இல்லை. விரல் தனக்குத் தெரிந்த பாதையில் ஓடுகிறது, காது பின்னால் ஓடுகிறது. இவர்களிடம் நான் ஏ மைனர், எஃப், ஜி என்று மூன்று கார்டுகளை மெதுவாகச் சுற்றி வாசித்துக்கொண்டே இருப்பேன். அவர்களுக்கு ஏ மைனர் பென்டாடானிக்கின் ஐந்து ஸ்வரங்கள்தான், அதுவும் ஒரே தந்தியில். விதி ஒன்றுதான்: கார்டு மாறும் கணத்தில் அந்தக் கார்டுக்குச் சொந்தமான ஸ்வரத்தில் வந்து நிற்க வேண்டும். எஃப் வரும்போது ஏ அல்லது சி. ஜி வரும்போது ஜி அல்லது டி. ஒரே தந்தி என்பதால் பழைய வடிவம் எதுவும் கைகொடுக்காது, கேட்டுத்தான் ஆக வேண்டும். நான் திடீரென்று வாசிப்பதை நிறுத்திவிடுவேன். அவர்கள் வாசிப்பிலிருந்தே இப்போது எந்தக் கார்டில் இருக்கிறோம் என்று எனக்குத் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் அவர்கள் ஸ்கேலை ஒப்பித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். அப்புறம் வாயால் பாடிவிட்டு அதையே வாசிக்கச் சொல்வேன். வெட்கப்படுவார்கள். பாடியது பெரும்பாலும் வாசித்ததைவிட நன்றாக இருக்கும், ஏனென்றால் பாடும்போது மூச்சு வாங்க நிறுத்தியே ஆக வேண்டும்.

தாளம் முன்னால் ஓடுபவர்களுக்கு மட்டும் ஒரு சின்னக் குறிப்பு. பாட்டின் வேகம் 120 என்றால் மெட்ரோனோமை 60-இல் வைத்து, அந்தத் தட்டு 2-ஆவது, 4-ஆவது எண்ணிக்கையில் விழுவதாக எண்ணி வாசியுங்கள். தட்டு குறைந்ததும் எங்கே ஓடுகிறீர்கள் என்பது உடனே தெரிந்துவிடும்.

எப்படிப்பட்டவரைத் தேடுவது

நன்றாக வாசிப்பவர் என்பது போதாது. சிலருக்கு எல்லாம் இளம் வயதிலேயே வந்துவிட்டது, உங்களுக்கு ஏன் வரவில்லை என்று அவர்களுக்குப் புரியாது. முதல் வகுப்பிலேயே கவனியுங்கள். உங்களை வாசிக்கச் சொல்லி முழுதாகக் கேட்டாரா, அல்லது கையோடு ஒரு பாடத்தாளை நீட்டினாரா? உங்கள் கிட்டாரைத் தொட்டுப் பார்த்தாரா? எழுந்து நின்று வேறு கோணத்திலிருந்து பார்த்தாரா? இருபது குறை கண்ணில் பட்டாலும் ஒன்றை மட்டும் எடுத்துச் சொன்னாரா? கடைசிக் கேள்விக்கு நான் அதிக எடை கொடுப்பேன். இருபதையும் அடுக்குபவர் தன் கூர்மையைக் காட்டுகிறார். எதை முதலில் தொட்டால் மற்றவை தானாகச் சரியாகும் என்று யோசிப்பவர் உங்களைப் பார்க்கிறார்.

என் ஆசிரியரிடம் ஒரு வழக்கம் இருந்தது. முதலில் என் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்து கேட்பார். பிறகு தந்திகளின் மேல் ஒரு துணியைச் சுற்றிச் சத்தத்தை அடக்கிவிட்டு அதையே மறுபடி வாசிக்கச் சொல்லி, கையை மட்டும் பார்ப்பார். கண்ணால் பார்த்தால் காது சோம்பேறியாகிவிடும், காதால் கேட்டால் கண் ஏமாந்துவிடும் என்பார். நான் இன்றும் அப்படித்தான் செய்கிறேன்.

இன்னொரு அடையாளம், அவருடைய பழைய மாணவர்கள். எல்லோரும் ஒரே மாதிரி, ஆசிரியரின் நகலாக வாசித்தால் எனக்குச் சந்தேகம் வரும். ராக் கிட்டார் கலைஞர் ஜோ சாட்ரியானியிடம் பாடம் கேட்டவர்களில் ஸ்டீவ் வாயும் இருக்கிறார், மெட்டாலிகா இசைக்குழுவின் கிர்க் ஹாமெட்டும் இருக்கிறார். இருவர் வாசிப்பையும் மாற்றிச் சொல்ல யாராலும் முடியாது. ஸ்பெயினின் கிளாசிக்கல் கிட்டார் மேதை செகோவியா மாதிரி தானாகவே கற்று உச்சிக்குப் போனவர்கள் இல்லையா என்று கேட்டால், இருக்கிறார்கள். அவரே பிறகு ஜான் வில்லியம்ஸ் போன்றவர்களுக்கு ஆசிரியராக இருந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இணையம் வழியாகக் கற்கலாமா? கற்கலாம், சில நிபந்தனைகளோடு. கேமரா இரண்டு கையும் தெரிகிற மாதிரி இடுப்பு உயரத்தில் இருக்க வேண்டும். அழைப்புச் செயலிகள் பேச்சுக்காகச் செய்யப்பட்டவை, நீண்டு ஒலிக்கும் தந்தியை இரைச்சல் என்று நினைத்து வெட்டிவிடும். ஒலியை அப்படியே அனுப்பும் அமைப்பு இருந்தால் அதை முடுக்கிவிடுங்கள். சேர்ந்து வாசிப்பது நடக்காது, ஒலி போய்ச்சேரத் தாமதமாகும். அதனால் உங்கள் பிரச்சினை தாளம் என்றால் நேரில் போவது நல்லது. முடியாவிட்டால் மெட்ரோனோமோடு பதிவுசெய்து முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள்.

முதல் சந்திப்புக்கு என்ன கொண்டுபோவது

சொந்தக் கிட்டார். ஆசிரியரின் நல்ல கிட்டாரில் வாசித்தால் உங்கள் பிரச்சினையில் பாதி மறைந்துவிடும்.

வெட்டாத, திருத்தாத ஒரு வீடியோ, இரண்டு நிமிடம் போதும். பத்து முறை எடுத்து நன்றாக வந்ததைக் கொண்டுவருவது மனித இயல்பு. எனக்கு வேண்டியது உடைந்த தடவை. முடிந்தால் அடுத்தடுத்து மூன்று தடவை வாசித்தது, நடுவில் நிறுத்தாமல். மூன்று முறையும் ஒரே இடத்தில் உடைகிறதா, வேறு வேறு இடத்திலா என்பதிலேயே பாதிப் பதில் இருக்கிறது. ஒரே இடம் என்றால் அசைவில் தவறு. வேறு வேறு இடம் என்றால் பெரும்பாலும் வேகம் அதிகம், அல்லது பாட்டு இன்னும் மனதில் ஏறவில்லை.

கூடவே ஒரு தாளில் எந்தப் பாட்டு, எந்த இடம், என்ன வேகத்தில் உடைகிறது, வாசித்த பின் எங்கே வலிக்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். வலி பற்றி ஒரு வார்த்தை. விரல் நுனியில் எரிச்சல் சாதாரணம். மரத்துப்போவது, ஊசி குத்துவது போன்ற உணர்வு, மணிக்கட்டில் வலி, இவை வந்தால் வாசிப்பதை நிறுத்திவிட்டு முதலில் மருத்துவரைப் பாருங்கள். கிட்டார் ஆசிரியர் அதற்கு ஆள் இல்லை, நானும் இல்லை.

"வீட்டில் நல்லா வந்தது" என்பதை எல்லோரும் சொல்வார்கள். சொல்லுங்கள், தவறில்லை. அது ஒரு தகவல்தான். யாராவது பார்க்கும்போது இறுகுகிற கை தனியாக இருக்கும்போதும் கொஞ்சம் இறுக்கமாகத்தான் இருக்கும், அப்போது தெரிவதில்லை, அவ்வளவுதான்.

வகுப்பு முடியும்போது ஒரு கேள்வியைக் கேட்காமல் எழுந்திருக்காதீர்கள்: "இது சரியாகிறதா இல்லையா என்று நான் தனியாக இருக்கும்போது எப்படித் தெரிந்துகொள்வது?" பயிற்சியை யார் வேண்டுமானாலும் கொடுப்பார்கள். நீங்கள் வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டியது ஒரு சோதனை. வலது கை நிற்கிறதா என்பதற்கு, போனை வலது பக்கம் வைத்து மணிக்கட்டை மட்டும் படம்பிடித்துச் சத்தமில்லாமல் பார்ப்பது. சுண்டு விரலுக்கு, கிட்டாரின் தலைப்பக்கத்திலிருந்து படம்பிடித்து மெதுவாக ஓட்டிப் பார்ப்பது. தாடைக்கு, உதடுகளுக்கு நடுவில் ஒரு காகிதத் துண்டைத் தளர்வாக வைத்து வாசிப்பது, பல்லைக் கடித்தால் உதடும் இறுகிக் காகிதம் கசங்கும். சோதனை இல்லாத அறிவுரை அடுத்த வகுப்புக்குள் மறந்துவிடும்.

இரண்டு வகுப்புகளுக்கு நடுவில்

முதலில் மோசமாகும். இதை எச்சரிக்காத ஆசிரியர்கள் மீது எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. தானாக நடந்துகொண்டிருந்த அசைவை மறுபடி யோசித்துச் செய்ய வைக்கிறோம், 110-இல் வாசித்தவர் 70-க்கு இறங்கித்தான் ஆக வேண்டும். இங்கே பயந்துபோய்ப் பழைய வழிக்கே திரும்புபவர்கள் நிறைய. மேடையோ நண்பர்களோடு வாசிப்பதோ இருந்தால் அன்று மட்டும் பழைய கையோடு வாசியுங்கள், அதனால் ஒன்றும் கெட்டுவிடாது. வீட்டுப் பயிற்சியில் மட்டும் கலக்காதீர்கள்.

ஒரு வேளைக்குப் பதினைந்து இருபது நிமிடம், அந்த ஒரு விஷயம் மட்டும். கவனம் சிதறியதும் நிறுத்திவிட்டு உங்களுக்குப் பிடித்ததை வாசியுங்கள். கவனமில்லாமல் செய்யும் திருத்தப் பயிற்சி பழைய பழக்கத்துக்குத்தான் தீனி போடும். இந்த நாட்களில் புதுப் பாட வீடியோக்களைப் பார்க்க வேண்டாம் என்று நான் கண்டிப்பாகவே சொல்லிவிடுவேன். பார்த்தால் இன்னொரு ஆசிரியரின் இன்னொரு திருத்தம் நடுவில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

தேங்கி நிற்பவருக்கு வாரம் ஒரு வகுப்பு அதிகம் என்பது என் கருத்து. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போதும். நடுவில் ஒரு நிமிட வீடியோ ஒன்று அனுப்பி, திருத்தம் சரியான திசையில் போகிறதா என்று கேட்டுக்கொண்டால் நல்லது, பல ஆசிரியர்கள் இதற்குச் சம்மதிப்பார்கள். மூன்று நான்கு சந்திப்புக்குப் பிறகும் "நல்லா பிராக்டிஸ் பண்ணுங்க" என்பதைத் தாண்டி எதுவும் வரவில்லை என்றால் மரியாதையாக விடைபெறுங்கள். சண்டை வேண்டாம். உங்கள் கைக்கு அவர் கண் பொருந்தவில்லை.

சரியாகப் போகிறது என்பதற்கு நான் பார்க்கும் அறிகுறி ஒன்று உண்டு. மாணவர் வாசித்துக்கொண்டிருக்கும்போது நான் வாயைத் திறப்பதற்கு முன்பே அவர் முகம் சுளிக்கும். கேட்டுவிட்டார்! அந்த நிலை வந்ததும் சந்திப்புகளின் இடைவெளியைக் கூட்டிவிடுவேன். அடுத்த தேக்கம் வேறு ஒரு இடத்தில் வரும், அப்போது வரட்டும்.

ஆசிரியர் கிடைக்கவே இல்லை என்றால்

உங்கள் அளவில் வாசிக்கும் இன்னொருவரைப் பிடியுங்கள். உங்களைவிடக் கொஞ்சம் குறைவாக வாசிப்பவராக இருந்தாலும் பரவாயில்லை, பார்க்கத்தானே போகிறார். ஒருவர் வாசிக்கும்போது மற்றவர் ஒரு கையை மட்டும், முழுப் பாட்டுக்கும், கண்ணெடுக்காமல் பார்க்க வேண்டும். முடிந்ததும் அறிவுரை சொல்லக் கூடாது, கண்டதை மட்டும் சொல்ல வேண்டும்: "மூன்றாவது வரியில் உன் மணிக்கட்டு நின்றது." "எஃப் வரும்போது தோள் மேலே போகிறது." ஏன் என்று இருவரும் சேர்ந்து யோசிக்கலாம். பிறகு இடம் மாற்றிக்கொள்ளுங்கள். பார்ப்பவர் கையில் கிட்டார் இருக்கவே கூடாது. இருந்தால் கண்டதைச் சொல்வதற்குப் பதில் வாசித்துக் காட்ட ஆரம்பித்துவிடுவார்.